தலைக்கு மேல் டன் கணக்கில் பாரம்... மெட்ரோ சுரங்கத்தில் அதைத் தாங்குவது எது?

மெட்ரோ ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நாம் என்ன செய்வோம்? பெரும்பாலும் குனிந்து போனைப் பார்ப்போம். அடுத்த முறை சென்னை சென்ட்ரல் மாதிரியான ஒரு சுரங்க ஸ்டேஷனில் நிற்கும்போது, ஒரு நிமிடம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். அறிவிப்புப் பலகை, ஸ்பீக்கர், கேமரா, விளக்கு வரிசை, ஏசி காற்று வரும் பெரிய தகரக் குழாய்கள், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், கேபிள்களைச் சுமக்கும் தட்டுகள்... எல்லாமே மேலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்திருப்பதுதான் அதிகம்.

ரயில் ஏறிச் சுரங்கத்துக்குள் போனாலும் இதே கதைதான். சென்னை மெட்ரோவின் சுரங்கம், உள்ளே சுமார் 5.8 மீட்டர் விட்டம் கொண்ட வட்டக் குழாய். அதன் உச்சியில், ரயிலுக்கு 25,000 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் உலோகச் சட்டம் தொங்குகிறது. இரு பக்கமும் கேபிள்கள், சிக்னல் பெட்டிகள், குழாய்கள், ஆபத்து நேரத்தில் பயணிகள் நடந்து வெளியேறுவதற்கான நடைபாதையின் கைப்பிடிகள்.

இத்தனையையும் கான்கிரீட்டோடு பிடித்து வைத்திருப்பது எது? விரல் தடிமன் உள்ள போல்ட்டுகள். ஆங்கர் போல்ட் என்பார்கள். லண்டனில் 2022-ல் திறக்கப்பட்ட எலிசபெத் லைன் சுரங்கங்களில் இவற்றுக்காக மட்டும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான துளைகள் போட்டார்கள். கையால் போட்டால் தீராது என்று, தண்டவாளத்தில் ஓடும் டிரில்லிங் வண்டிகளையே செய்து இறக்கினார்கள்.

இந்த போல்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் அதன் பெயர்கூடத் தெரியாது. தவறினால் என்ன ஆகும் என்பதை உலகம் இரண்டு முறை பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

ராவல் பிளக் பிறந்த கதை

முதலில் நம் வீட்டுச் சுவரிலிருந்து ஆரம்பிப்போம். காலண்டர் மாட்டவோ ஷெல்ஃப் பொருத்தவோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், துளை போட்டு, ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் செருகி, அதற்குள் ஸ்க்ரூவை முடுக்குவார். 'ராவல் பிளக்' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது ஒரு மனிதரின் பெயர். 1910-களின் தொடக்கத்தில், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்கள் பாழாகாமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. அதற்கு ஜான் ராவ்லிங்ஸ் என்ற ஒப்பந்ததாரர் கண்டுபிடித்த வழிதான் இது. அன்றைய பிளக் சணல் நாரையும் விலங்கு ரத்தத்தையும் சேர்த்து இறுக்கிச் செய்யப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் நைலான் வகையை 1958-ல் உருவாக்கியவர் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர். தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவர்.

சுரங்கத்தில் இருப்பதும் இதே குடும்பத்தின் பெரிய அண்ணன்கள்தான். கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு மூன்று வழிகள் தெரியும்.

முதல் வழி, உரசல். நட்டை முடுக்க முடுக்க, போல்ட்டின் அடியில் உள்ள உலோக வளையம் விரிந்து துளையின் சுவரை நெருக்கிப் பிடிக்கும். இரண்டாவது, கொக்கி போடுவது. துளையின் அடிப்பாகத்தை மட்டும் அகலமாகக் குடைந்து, அங்கே போல்ட்டின் கால் விரிந்து உட்காரும். வாய் குறுகிய ஜாடிக்குள் கையை விட்டு, முஷ்டியை மூடிக்கொண்டால் வெளியே எடுக்க முடியாதல்லவா, அப்படி. மூன்றாவது, ஒட்டுவது. துளைக்குள் எபாக்ஸி மாதிரியான பசையை நிரப்பி, மரை போட்ட கம்பியைச் செருகிவிடுவார்கள். பசை இறுகியதும் கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றாகிவிடும். கெமிக்கல் ஆங்கர் என்று சைட்டில் சொல்வது இதைத்தான்.

மூன்றும் நல்ல முறைகள்தான். ஆனால் மூன்றாவது முறையில்தான் உலகம் சூடு கண்டது.

பாஸ்டன், 2006 ஜூலை 10

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'பிக் டிக்' என்ற பிரமாண்டமான சுரங்கச் சாலைத் திட்டம். அதன் ஒரு சுரங்கத்தில், காற்றோட்டத்துக்காகக் கான்கிரீட் பலகைகளால் ஒரு தொங்கும் கூரை அமைத்திருந்தார்கள். அந்தப் பலகைகள், சுரங்கத்தின் உச்சியில் எபாக்ஸி வைத்து ஒட்டப்பட்ட ஆங்கர்களில் தொங்கின.

அன்று இரவு சுமார் 11 மணி. விமான நிலையத்தை நோக்கி ஒரு காரில் கணவனும் மனைவியும் போய்க்கொண்டிருந்தார்கள். மேலிருந்து ஏறக்குறைய 26 டன் எடையுள்ள கான்கிரீட்டும் இரும்பும் சாலையின் மீதும் அந்தக் காரின் மீதும் சரிந்தன. 38 வயதான மனைவி அங்கேயே இறந்துபோனார். ஓட்டிவந்த கணவர் சிறு காயங்களோடு தப்பினார். அந்தச் சுரங்கம் திறக்கப்பட்டு நாலு வருடம்கூட ஆகவில்லை.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு வருடம் விசாரித்தது. கம்பி அறுந்திருக்கவில்லை. கான்கிரீட்டும் உடையவில்லை. ஒட்டிவைத்த பசை, மாதக்கணக்கில் மெதுமெதுவாக இளகிக் கம்பியை வழுகவிட்டிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மொட்டை மாடிக்குப் போனால் போதும். துணி காயப்போட நைலான் கயிற்றை விறைப்பாகக் கட்டுகிறோம். முதல் நாள் ஈரப் போர்வையையும் தாங்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கயிறு தொய்ந்து நடுவில் தொங்கும். கயிறு அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. தொடர்ந்து ஒரே பாரத்தைச் சுமந்ததில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுவிட்டது. சில வகை எபாக்ஸிகளுக்கும் இந்தக் குணம் உண்டு. சில நிமிடச் சோதனையில் பல டன் தாங்கும். அதைவிடக் குறைந்த பாரத்தை இரவு பகலாக வருடக்கணக்கில் தொங்கவிட்டால் தளர்ந்துவிடும். அங்கே பயன்படுத்தப்பட்டது சீக்கிரம் இறுகும் ரகம். நீண்டகாலப் பாரத்துக்கு அது லாயக்கில்லாதது என்று விசாரணை அறிக்கை சொன்னது.

அந்த அறிக்கையில் மனத்தை உறுத்தும் இன்னொரு விஷயம் இருந்தது. கட்டுமானம் நடந்துகொண்டிருந்த 1999-லேயே சில ஆங்கர்கள் கூரையிலிருந்து கீழே இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அவற்றைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 'ஏன் இறங்கியது?' என்ற கேள்விக்கு விடை காணவில்லை. சுரங்கம் திறந்த பிறகும் யாரும் மேலே ஏறி அந்த ஆங்கர்களை முறையாகச் சோதிக்கவில்லை.

ஜப்பான், 2012 டிசம்பர் 2

'அது புதுசு, பசை சரியில்லை. பழைய சுரங்கம் கெட்டியாக இருக்குமே' என்று தோன்றலாம். அதற்கும் ஒரு பதில் வந்தது.

ஜப்பானின் யமனாஷி மாகாணத்தில் சசாகோ சுரங்கம், 1977-ல் திறக்கப்பட்டது. நீளம் 4.7 கிலோமீட்டர். ஞாயிறு காலை 8 மணியளவில், ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கூரைப் பலகைகள் 130 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வரிசையாகச் சரிந்தன. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள்.

இங்கேயும் பசை வைத்து ஒட்டிய போல்ட்டுகள்தான். 35 வருடங்களாகத் தலைகீழாகத் தொங்கிய பாரம், நாள்பட்ட பசை, வடிவமைப்பிலும் பொருத்தியதிலும் இருந்த குறைகள் எனப் பல காரணங்கள் சேர்ந்துகொண்டன. அந்த உச்சி போல்ட்டுகளை 2000-க்குப் பிறகு யாரும் சுத்தியலால் தட்டிப் பார்க்கவே இல்லை என்பதும் தெரியவந்தது.

சுத்தியலா என்று கேட்கலாம். ஆமாம். சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோமே, அதே வித்தைதான். இறுக்கமான போல்ட் 'டிங்' என்று தெளிவாக ஒலிக்கும். தளர்ந்தது 'டொப்' என்று மழுங்கிய சத்தம் கொடுக்கும். அதற்கு ஒரு ஆள் ஏணி வைத்து மேலே ஏறிப் பக்கத்தில் போக வேண்டும். கீழே நின்று பார்த்தால் எல்லா போல்ட்டும் நல்ல போல்ட்டாகத்தான் தெரியும். இந்த விபத்துக்குப் பிறகு, ஜப்பானில் சாலைச் சுரங்கங்களையும் பாலங்களையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அருகில் சென்று சோதிப்பது 2014-ல் கட்டாயமானது.

ரயில் சுரங்கத்தில் கூடுதல் சோதனை

மேலே சொன்ன இரண்டும் சாலைச் சுரங்கங்கள். ரயில் சுரங்கம் கட்டுபவர்களுக்கும் அவை பாடம்தான். சொல்லப்போனால் ரயில் சுரங்கத்தில் போல்ட்டின் பாடு இன்னும் கஷ்டம்.

முதல் காரணம் காற்று. ரயில் வருவதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் குப்பென்று காற்றடிக்குமே, கவனித்திருக்கிறீர்களா? ஊசிக்குழாயில் பிஸ்டன் மருந்தைத் தள்ளுவதுபோல, குறுகலான சுரங்கத்தில் ரயில் தன் முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பின்னாலிருந்து இழுக்கவும் செய்கிறது. அந்தச் சமயத்தில் பலகைகளும் கதவுகளும் பெட்டிகளும் ஒருமுறை தள்ளப்பட்டு, ஒருமுறை இழுக்கப்படுகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில், நாளுக்கு 18 மணி நேரம் என்று வைத்தால், ஒரு திசையில் மட்டும் 216 ரயில்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 79,000. சுரங்கத்தின் ஆயுள் 100 வருடம் என்றால் 79 லட்சம் முறை. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று உடையும் அல்லவா? அந்தச் சோர்வைத் தாங்குமா என்று பார்த்துத்தான் ரயில் சுரங்கத்துக்கு போல்ட் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, விரிசல். கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் வருவது சகஜம், கட்டடத்துக்கு அதனால் கேடில்லை. ஆனால் அந்த விரிசல் போல்ட் இருக்கும் துளையின் வழியே ஓடினால், பிடி தளரும். அதனால் விரிசல் விட்ட கான்கிரீட்டிலும் பிடித்து நிற்கும் என்று சோதித்துச் சான்று பெற்ற ரகங்களையே தலைக்கு மேலே பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது, துரு. நிலத்தடியில் கசிவு வராத இடமே அபூர்வம். கடலோர நகரமென்றால் உப்பும் சேரும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் தீர்ந்தது' என்று நினைத்தால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1985-ல் ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள்தான். குளோரின் கலந்த காற்று அவற்றை உள்ளுக்குள் அரித்து விரிசல் விட வைத்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே பல தரம் உண்டு. இடத்துக்கு ஏற்ற தரத்தைத்தான் போட வேண்டும்.

நான்காவது, தீ. 2010-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தது. கேபிள்களைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பட்டைகள் உருகி, தொங்கிய கேபிள்களில் தீயணைப்பு வீரர்கள் சிக்கினார்கள். இருவர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு, தப்பிக்கும் வழிகளுக்கு மேலே போகும் கேபிள்களை உலோகத்தால்தான் பிடிக்க வேண்டும் என்று அந்த நாடு விதியை மாற்றியது. சுரங்கத்தில் ஓடித் தப்ப ஒரே ஒரு நடைபாதை. அதன் பக்கத்திலேயே கேபிள்கள். எரியும்போதும் அவை குறிப்பிட்ட நேரம் விழாமல் இருந்தாக வேண்டும்.

தூசி தட்டும் வேலைக்கு எவ்வளவு மதிப்பு?

சரி, இதையெல்லாம் எப்படி உறுதி செய்கிறார்கள்? ஆச்சரியம் என்னவென்றால், பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது ஒரு சின்ன வேலை. துளையைச் சுத்தம் செய்வது.

டிரில் போட்டதும் துளைக்குள் மாவு மாதிரி கான்கிரீட் தூசி ஒட்டியிருக்கும். அதன் மேலேயே பசையை நிரப்பினால், பசை தூசியைப் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. மாவு தூவிய பலகையில் சப்பாத்தி ஒட்டாமல் வருவது மாதிரி. அதனால் காற்றடித்து ஊத வேண்டும், கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், மறுபடி ஊத வேண்டும். எத்தனை முறை என்பதைப் பசை தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருப்பார். தலைகீழான துளை என்றால், பசைக்கு நடுவில் காற்றுக் குமிழ் தங்காமல் உள்ளிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இறுகும்வரை கம்பியை அசைக்கக் கூடாது. வெயில் நாளில் பசை சீக்கிரம் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் கையில் வேகமும் வேண்டும்.

கம்பி உள்ளே போன பிறகு, துளையைச் சுத்தம் செய்தார்களா இல்லையா என்று யாராலும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரவு ஷிஃப்டில், ஏணியின் உச்சியில், தூசி கண்ணில் விழும் நிலையில் நிற்கும் ஒரு தொழிலாளியின் பொறுமையில்தான் அது இருக்கிறது. பாஸ்டன் விபத்துக்குப் பிறகு அமெரிக்கக் கட்டுமான விதிகள் இதைப் புரிந்துகொண்டன. தலைக்கு மேல் நிரந்தரப் பாரம் சுமக்கும் பசை ஆங்கரைப் பொருத்துபவர், அதற்கென்று பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறியவராக இருக்க வேண்டும் என்று 2011-ல் விதி வந்தது. நீண்டகாலப் பாரத்தில் பசை தளர்கிறதா என்ற சோதனையும் கட்டாயமானது.

பொருத்தியவற்றில் சிலவற்றை ஹைட்ராலிக் ஜாக் வைத்து இழுத்துப் பார்ப்பதும் வழக்கம். எவ்வளவு முடுக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் முடுக்க, அளவு காட்டும் ஸ்பேனர் இருக்கிறது. தூசியை அப்போதே உறிஞ்சிவிடும் டிரில் பிட்டுகளும் வந்துவிட்டன.

துளையே போடாமல் இருக்கவும் வழி உண்டு. சுரங்க வளையத்தின் கான்கிரீட் துண்டுகளைத் தொழிற்சாலையில் வார்க்கும்போதே, உள்ளே கம்பிகளோடு சேர்த்து ஒரு உலோகப் பள்ளத்தைப் பதித்துவிடுவார்கள். பிற்பாடு 'T' வடிவத் தலை கொண்ட போல்ட்டை அதில் நுழைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், கழற்றலாம், மாற்றலாம். சீனாவின் புதிய மெட்ரோக்கள் சிலவற்றில் இது வந்துவிட்டது. வீடு கட்டும்போது சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டுகையிலேயே ஃபேன் கொக்கியை மாட்டிவிடுகிறோமே, அதே புத்திசாலித்தனம்தான்.

சின்னதாக விழுந்தாலும்...

பாஸ்டனுக்கு ஒரு பின்கதை இருக்கிறது. 2023 மார்ச் 1-ம் தேதி, அதே பெருநகரப் பகுதியின் ஹார்வர்டு சுரங்க ரயில் ஸ்டேஷனில், நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பயணியின் பக்கத்தில் கூரைப் பலகை ஒன்று விழுந்தது. சில அங்குலங்களில் தப்பினார். அந்த வீடியோ உலகமெங்கும் பரவியது. இரண்டே மாதத்தில் அதே ஸ்டேஷனில், ஒரு பெட்டியைத் தாங்கியிருந்த சட்டம் விழுந்து ஒரு பெண் காயப்பட்டார். பாடம் படித்த ஊரிலும், பழைய போல்ட்டை யாராவது தொடர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னையில் 2017-ல் முதல் சுரங்கப் பாதை திறந்தது. இரண்டாம் கட்டத்தில் இன்னும் பல கிலோமீட்டர் சுரங்கம் வருகிறது. சுரங்கம் தோண்டும் ராட்சத இயந்திரம் மண்ணைத் துளைத்து வெளியே வந்தால் செய்தி, போட்டோ, கைத்தட்டல் எல்லாம் உண்டு. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நடக்கும் போல்ட் முடுக்கும் வேலைக்கு போட்டோ எடுக்க யாரும் வருவதில்லை. திறந்த பிறகு, கடைசி ரயில் போனதும் விளக்கைப் பிடித்துக்கொண்டு சோதிக்கப் போகிறவர்களையும் நமக்குத் தெரியாது. அந்த வேலைக்கு ஆளும் நேரமும் பணமும் ஒதுக்கப்படுகிறதா என்பது, டிக்கெட் விலையைப் போலவே நாம் கேட்க வேண்டிய விஷயம்.

நம் வீட்டுக்குச் சில பாடங்கள்

* கூரையில் பாரம் தொங்கவிட பிளாஸ்டிக் பிளக் வேண்டாம். உலோக ஆங்கர்தான் சரி. ஃபேன் கொக்கி ஸ்லாப் கம்பியோடு கட்டப்பட்டிருப்பதே நல்லது.

* ஊஞ்சலில் ஆடும்போது, சும்மா உட்காருவதைவிட அதிக இழுப்பு விழும். அதுவும் மாறி மாறி விழும். பின்னால் கொக்கி போடுவதானால் இன்ஜினீயரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

* பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ போயிருக்க வேண்டும். பூச்சு மட்டும் பாரம் தாங்காது.

* துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியும் பேப்பரும் திணித்துச் சமாளிக்காதீர்கள். பெரிய பிளக் போடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

* துளையிலிருந்து தூசியை ஊதி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்வது அவர் கண்ணுக்கு நல்லது.

* கெமிக்கல் ஆங்கர் என்றால், டியூபில் எழுதியிருக்கும் நேரம் முடியும்வரை எதையும் மாட்டாதீர்கள்.

* கொக்கியைச் சுற்றித் துருக்கறை, புதிதாக ஒரு விரிசல், கொஞ்சம் சாய்ந்த டிவி, ஃபேனில் புதுச் சத்தம்... இதில் எது தெரிந்தாலும் சும்மா முடுக்கிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஏன் தளர்ந்தது என்று கண்டுபிடியுங்கள். 1999-ல் பாஸ்டனில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.